முதல்ல அளங்க, அப்புறம் மாத்துங்க!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்து பத்து நாள் ஆச்சு. போன பதிவுல ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினதுக்கு நீங்க குடுத்த ஆதரவுல தைரியம் வந்து, இந்தத் தடவை கொஞ்சம் பெரிய இடத்துல கை வைக்கிறேன். கார் ரிப்பேர். குறிப்பா, எதையும் அளந்து பார்க்காம பாகத்தை மட்டும் மாத்திக்கிட்டே போற கார் ரிப்பேர்.

மெக்கானிக் வீட்டுப் பிள்ளைங்க யாராவது படிச்சா, முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க. என் கோபம் உங்க அப்பா மேல இல்ல. யார் மேலன்னு கடைசில வருது.

எங்க அப்பா ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வேன் ஓட்டுறார். பெட்ரோல் வண்டி, 2012 மாடல், செகண்ட் ஹாண்ட்ல வாங்கினது. முன் சீட்டைத் தூக்கினாத்தான் என்ஜின் தெரியும். காலைல ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். வீட்டுச் சாப்பாடும் என் காலேஜ் ஃபீஸும் அந்த ரெண்டு ட்ரிப்ல இருந்துதான் வருது.

அந்த வண்டிக்கு ரெண்டு மாசமா ஒரு வியாதி. ஓடும்போது ஒண்ணும் இல்ல. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, சில நேரம் ஐடிலிங் நிக்காம ஆஃப் ஆயிடும். எப்பவும் ஆனாலாவது பரவாயில்ல. சில நேரம் மட்டும் ஆகும், அதுதான் கொடுமை. ஒரு நாள் ரயில்வே கேட் திறந்ததும் வண்டிங்க எல்லாம் ஊர்ந்து போய்க்கிட்டிருக்கு. சரியா தண்டவாளத்து மேல வரும்போது ஆஃப். உள்ள எட்டுப் பிள்ளைங்க. ரெண்டாவது செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடுச்சு. ரயில் எதுவும் வரல. ஒண்ணும் ஆகல. ஆனா அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலன்னு அம்மா ஃபோன்ல சொன்னாங்க.

அதுக்கப்புறம் சர்வீஸ் சென்டர் படலம். பேர் வேண்டாம், எல்லா ஊர்லயும் இருக்கிற மாதிரி கண்ணாடி போட்ட ஒரு இடம். முதல் தடவை, "த்ராட்டில் பாடி அழுக்கு"ன்னு கழுவிக் குடுத்தாங்க. நாலு நாள்ல பழைய கதை. ரெண்டாவது தடவை ஸ்கேனர் போட்டு, பி0505ன்னு ஒரு கோட் வருதுன்னு ஐடில் வால்வை மாத்தினாங்க. 3,200 ரூபாய். ஒரு வாரத்துல பழைய கதை. மூணாவது தடவை, "ஈசிஎம் போயிடுச்சு சார், 28,000 ஆகும், யோசிச்சு சொல்லுங்க"ன்னுட்டாங்க. இதுக்குள்ள வண்டி எட்டு நாள் நின்னு, அப்பா கைக்காசு போட்டு வேற வேன் பிடிச்சு பிள்ளைங்களை அனுப்பியிருக்கார்.

இந்த மூணு தடவைல ஒரு தடவையாவது யாராவது ஒரு மல்டிமீட்டரை வெளில எடுத்தாங்களான்னு அப்பாகிட்ட கேட்டேன். "அப்படின்னா என்னம்மா?"ன்னார். மக்களே, இந்தப் பதிவு எழுதக் காரணமே அந்தக் கேள்விதான்.

கொஞ்சம் பாடம். போரடிச்சா அடுத்த மூணு பாராவைத் தாண்டிக்கலாம், ஆனா தாண்டாதீங்க :-)

ஆக்ஸிலரேட்டர்ல கால் இல்லாதப்போ த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடிடும். காத்து இல்லாம என்ஜின் எப்படி ஓடும்? அதுக்குத்தான் தட்டைச் சுத்திப் பக்கத்துல ஒரு சின்ன வழி. அந்த வழியில காத்து எவ்வளவு போகணும்னு திறந்து மூடுற வேலைக்காரன்தான் ஐடில் வால்வு. ஏசி போட்டாலோ ஹெட்லைட் போட்டாலோ என்ஜினுக்குச் சுமை கூடும். உடனே ஈசிஎம் இந்த வால்வைக் கொஞ்சம் திறந்து, சுத்தை 700, 800 பக்கத்துல பிடிச்சு வைக்கும்.

அந்தக் காலத்துப் பல வண்டிகள்ல மாதிரி எங்க வேன்லயும் இந்த வால்வு ஒரு ஸ்டெப்பர் மோட்டார். உள்ள ரெண்டு காயில், வெளில நாலு ஒயர். ஈசிஎம் ஒவ்வொரு துடிப்பா குடுக்க, மோட்டார் ஒவ்வொரு படியா நகரும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வால்வு நிஜமாவே எங்க நிக்குதுன்னு ஈசிஎம்முக்குத் தெரியாது. அது படிகளை எண்ணிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கிட்டு மாடிப்படி எண்ணி ஏறுற மாதிரி. நடுவுல ஒரு காயிலுக்குக் கரன்ட் போகலன்னா மோட்டார் நின்ன இடத்துலயே துடிக்கும். ஈசிஎம் பாட்டுக்கு "நாற்பது படி ஏறிட்டேன்"னு நினைச்சுக்கிட்டிருக்கும். தண்டவாளத்து மேல வண்டி ஆஃப் ஆகுறது இப்படித்தான்.

இப்போ அந்த பி0505. அதுக்கு அர்த்தம் "ஐடில் காத்துக் கட்டுப்பாட்டு அமைப்புல கோளாறு". அமைப்புல. வால்வுலன்னு யார் சொன்னது? அமைப்புன்னா வால்வு, கப்ளர், நாலு ஒயர், ஈசிஎம், காத்துப் போற வழி எல்லாம் சேர்த்து. தெருவுல கரன்ட் இல்லன்னா நேரா வீட்டு ஃபேனைக் கழட்டி மாத்துவீங்களா? கோட் தெருப் பேரைச் சொல்லுது. வீட்டு நம்பரை நாமதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கிறதுக்குப் பேர்தான் அளக்கிறது.

சரி, நான் என்ன பண்ணேன்? டவுன்ல 450 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை காலைல சீட்டைத் தூக்கி உக்காந்தேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, கை கறுப்பாகும்"னு அப்பா. பக்கத்து வீட்டு மாமா வேலி மேல சாஞ்சு, "ஏம்மா, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?"ன்னார். ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம் மாமா, மோட்டார்தான் எங்களுக்குச் சோறுன்னு சொல்லிட்டு வேலையைப் பார்த்தேன்.

முதல்ல காத்தா, கரன்ட்டான்னு பிரிக்கணும். எல்லா ஐடிலிங் கோளாறும் கரன்ட் கோளாறு இல்ல. வாக்குவம் ட்யூப் கிழிஞ்சாலும் ஐடிலிங் கெடும், ஆனா அது பெரும்பாலும் விடாம கெட்டுக்கிட்டே இருக்கும். த்ராட்டில் ஏற்கனவே கழுவினது. ட்யூப் எல்லாம் வளைச்சுப் பார்த்தேன், வெடிப்பு இல்ல. அடுத்து கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அது பொய் சொன்னா ஈசிஎம் என்ஜின் குளிர்ந்திருக்குன்னு நினைச்சு சுத்தை ஏத்தி இறக்கும். பல வண்டிகள்ல குளிர்ந்த என்ஜின்ல 2,000 முதல் 3,000 ஓம், நல்லாச் சூடானதும் 200 முதல் 300 ஓம்னு இறங்கணும். எங்களுது ஒழுங்கா இறங்குச்சு. மேடு பள்ளத்துல குலுங்கினா வருது, நின்னா போகுதுன்னா சந்தேகம் ஒயர் மேலதான்.

சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டினேன். கரன்ட் ஓடுற சர்க்யூட்ல ஓம் அளக்கக் கூடாது. மீட்டரும் போகும், தப்பான எண்ணும் வரும். வால்வு கப்ளரைக் கழட்டி, ரெண்டு காயிலையும் அளந்தேன். 51.8 ஓம், 52.1 ஓம். இந்த மாதிரி நாலு ஒயர் வால்வு பலதுல 40 முதல் 80 ஓம் வரும். கையேடு இல்லாதவங்களுக்கு ஒரு வழி, ரெண்டு காயிலும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டணும். ஒரு காயில்ல இருந்து இன்னொரு காயிலுக்கு எதுவும் காட்டக் கூடாது. ஆக, புது வால்வு நல்லா இருக்கு.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. கழட்டின பழைய வால்வைப் பாலிதீன் பைல போட்டுக் குடுத்திருந்தாங்க. அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். எடுத்து அளந்தேன். 52.4 ஓம், 52.0 ஓம்.

அதுவும் நல்லா இருக்கு! காயில் ரெண்டும் சரியா இருந்த வால்வைத் தூக்கிப் போட்டுட்டு, காயில் ரெண்டும் சரியா இருக்கிற இன்னொரு வால்வை மாட்ட 3,200 ரூபாய். ஒரு ஓமுக்குப் பாதிதான் வித்தியாசம். அரை ஓம் இந்த விலை விக்குதுன்னு எங்க ப்ரொஃபஸர்கூட சொல்லித் தரல.

அடுத்து, ஈசிஎம் கப்ளரையும் கழட்டிட்டு, நாலு ஒயரும் அந்தப் பக்கம் போய்ச் சேருதான்னு பார்த்தேன். இங்கதான் ரத்தக் கண்ணீர். ஒயரிங் படம் இருந்தா பத்து நிமிஷ வேலை. படம் கிடையாது. ஒயர் நிறம், அது மேல இருக்கிற கோட்டு நிறம் எல்லாம் நோட்ல எழுதி, அந்தப் பக்கம் அதே நிறத்தைத் தேடித் தேடி மூணு மணி நேரம் போச்சு. மூணு ஒயர் பீப் அடிச்சுது. நாலாவது எந்த முள்லயும் அடிக்கல. மீட்டரை அதுக்கான முள்லயே வச்சுக்கிட்டு அப்பாவை ஒயரிங் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டச் சொன்னேன். ஒரு இரும்புக் கிளிப்புகிட்ட வந்ததும் "பீப்". விட்டா நின்னுடுச்சு. ஆட்டினா மறுபடி "பீப்".

சத்தியமா சொல்றேன், யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருந்தாகூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். டேப்பைப் பிரிச்சா, என்ஜின் ஆட்டத்துல கிளிப்பு தேய்ச்சுத் தேய்ச்சு, உள்ள செம்பு பச்சை பிடிச்சு, ரெண்டு முனையும் தொட்டும் தொடாம நிக்குது. கெட்டதை வெட்டி, ஒரு துண்டு ஒயர் வச்சு சால்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, கிளிப்புக்கு ரப்பர் வச்சேன். மொத்தச் செலவு 40 ரூபாய். அப்பா இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவைகூட நடு ரோட்டுல நிக்கல.

இந்த ஒயரோட புது ஈசிஎம் போட்டிருந்தா? 28,000 ரூபாய் புது மூளையும் அதே அறுந்த நரம்பு வழியாத்தான் பேசியிருக்கும். இதைவிட மோசமான இன்னொண்ணு இருக்கு. காயில் ஷார்ட் ஆகியிருந்து, அதை அளக்காம ஈசிஎம் மாத்தினா, அந்த ஷார்ட் புது ஈசிஎம்மையும் சேர்த்துக் காவு வாங்கலாம். அளக்காம மாத்துறது செலவு மட்டும் இல்ல, ஆபத்தும்கூட.

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

"வீட்டுல கண்டதையும் நோண்டினா இருக்கிறதும் கெடும்." ஒத்துக்கிறேன், சில விஷயம் பண்ணவே கூடாது. ஈசிஎம் ஒயர்ல பழைய பல்ப் டெஸ்ட் லேம்ப்பைக் குத்தாதீங்க, அது இழுக்கிற கரன்ட் உள்ள இருக்கிறதைச் சுட்டுடும். ஓடுற என்ஜின்கிட்ட துப்பட்டா, தொங்குற சட்டை வேண்டாம். சூடான என்ஜின் மேல க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் தேடாதீங்க, அது தீப்பிடிக்கிற சரக்கு. கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க. ஆனா அளக்கிறதுங்கிறது நோண்டுறதுக்கு நேர் எதிர். அளக்கும்போது எதையும் மாத்துறதில்ல. தெர்மாமீட்டர் வச்சுப் பார்க்கிறது ஆபரேஷனா?

"மீட்டர் பீப் அடிச்சா ஒயர் நல்லதுன்னு அர்த்தமா?" நல்ல கேள்வி, இல்ல. எர்த் ஒயர் முனை துருப்பிடிச்சு 0.1 ஓம் தடை வந்திருக்குன்னு வைங்க. மலிவு மீட்டரோட ஒயர்லயே அதைவிட அதிகத் தடை இருக்கும். அதனால பீப் அடிச்சு "நல்லது"ன்னுடும். ஆனா ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு அந்த வழியா 15 ஆம்பியர் ஓடினா 15 பெருக்கல் 0.1, அதாவது 1.5 வோல்ட் அங்கயே காணாமப் போகும். அதனால கனத்த ஒயருக்கு ஓம் பார்க்காம, எல்லா லைட்டும் போட்டு என்ஜினை ஓட விட்டு, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. 0.2க்கு மேல போனா எர்த்தைக் கழட்டிச் சுரண்டுங்க. ஓம்ஸ் விதி. ப்ளஸ் டூ பாடம். நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினதுதான்.

"இப்போ வர்ற வண்டியில இந்த வால்வே இல்லையே?" ஆமா. த்ராட்டில் தட்டையே மோட்டார் நகர்த்துது, தனி வால்வு கிடையாது. அதனால மோட்டாருக்கும் சென்சாருக்கும் ஒயர் இன்னும் அதிகம், அளக்க வேண்டிய தேவையும் இன்னும் அதிகம். ஒண்ணு மட்டும், சாவி ஆன்ல இருக்கும்போது அந்தத் தட்டுக்குள்ள விரலை விடாதீங்க. மோட்டார் சொல்லாம கொள்ளாம மூடும்.

"மெக்கானிக்குக்கு அவ்வளவு நேரம் ஏது?" இங்கதான் மக்களே என் கோபத்தோட உண்மையான முகவரி. எங்க தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்டதான் அப்பா முதல்ல போனார். சத்தத்தைக் கேட்டே, "இது கரன்ட் பிரச்சனைண்ணே, ஆனா ஒயரிங் படம் என்கிட்ட இல்ல, கை வச்சா தப்பாயிடும்"னு நேர்மையா சொல்லியிருக்கார். காது இருக்கு, அனுபவம் இருக்கு, படம் இல்ல. படம் இருக்கிற இடத்துல அளக்கிற எண்ணமே இல்ல. ஏன்னா அளக்கிறதுக்கு பில் கிடையாது, பாகத்துக்குத்தான் பில்.

படத்தை யார் பூட்டி வச்சது? 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும், தொழில்நுட்பத் தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாம வச்சிருந்தாங்கங்கிறது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012லயே ஓட்டுப் போட்டு, கம்பெனி டீலருக்குக் குடுக்கிற ரிப்பேர் தகவலை வண்டிக்காரனுக்கும் வெளிக் கடைக்கும் நியாயமான விலைக்குக் குடுக்கணும்னு சட்டம் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல 2022 டிசம்பர்ல அரசாங்கம் "பழுதுபார்க்கும் உரிமை"ன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு. சந்தோஷம். ஆனா தெருமுனை அண்ணன் கைல அந்தப் படம் வர்ற வரைக்கும் எனக்கு அது வெறும் தளம்தான். வண்டியை எனக்கு வித்துட்டாங்க. வண்டிக்குள்ள எந்த ஒயர் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கிற உரிமையை விக்காம பாக்கி வச்சிருக்காங்க.

கோபத்துல மிச்சம் நம்ம மேல. ஆமா, க்ளாஸ்மேட்ஸ், உங்க மேலயும் என் மேலயும். லேப்ல ஸ்டெப்பர் மோட்டாரை ஒரு பலகைல மாட்டி வச்சிருப்பாங்க. ரீடிங்கை சீனியர் ரெக்கார்டுல இருந்து காப்பி அடிப்போம். வைவால "அப்ளிகேஷன்ஸ்?"னு கேட்டா "பிரின்டர், ரோபோ"ன்னு ஒப்பிப்போம். நம்ம வீட்டு வண்டில தினமும் அது துடிச்சுக்கிட்டிருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல, நாமளும் கேட்டதில்ல. வருஷா வருஷம் இத்தனை பேர் இன்ஜினியரா வெளில வர்றோம். நம்ம அப்பாக்கள் 28,000 ரூபாய் எஸ்டிமேட்டைக் கைல வச்சுக்கிட்டு யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாங்க.

அதனால மூணே மூணு வேண்டுகோள். அடுத்த தடவை "மாத்தணும்"னு யார் சொன்னாலும், "அளந்தீங்களா? எவ்வளவு காட்டுச்சு?"ன்னு கேளுங்க. பதில் எண்ணா வரலன்னா காசு குடுக்காதீங்க. கழட்டின பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்க, அது உங்க சொத்து, சில நேரம் சாட்சியும்கூட. மூணாவது, வீட்டுக்கு ஒரு மீட்டர் வாங்குங்க. ஒரு சினிமாவுக்குக் குடும்பமா போற காசுதான்.

பழைய வால்வை அப்பா இப்போ டாஷ்போர்டுல பிள்ளையாருக்குப் பக்கத்துல வச்சிருக்கார். யாராவது கேட்டா, "52 ஓம்"ங்கிறார். அர்த்தம் தெரிஞ்சு சொல்றாரான்னு நான் கேக்கல :-)

டிஸ்கி: என் வண்டியும் இப்படித்தான்னு சொல்றவங்க, என்ன வண்டி, என்ன அளந்தீங்க, என்ன எண் வந்துச்சுன்னு எழுதுங்க. "பொண்ணு கதை விடுது"ன்னு வர்ற அனானிகளும் ஒரு எண்ணோட வந்தா பதில் உண்டு.